ஐந்து எதிராளிகளும் ஒரே ஆள்

14.3.1978 — கரடி — 60
2.11.1980 — முகமூடி — 75
21.6.1983 — மொட்டை — 110
9.9.1986 — இரும்புக்கை — 160
30.1.1990 — கப்பல்காரன் — 250

'மணி அடிக்கும்வரை' என்ற குத்துச்சண்டைப் படமும் அதன் பின்னால் வந்த நான்கு பாகங்களும் வெளியான நாட்கள் இவை. நடுவில் இருப்பது, ஒவ்வொரு பாகத்திலும் கதாநாயகனிடம் கடைசிக் குத்து வாங்கி விழுந்த எதிராளியின் பட்டப்பெயர். ஓரத்தில் இருப்பது விழுந்ததற்குக் கொடுத்த கூலி. கரடிக்குத் தாடி, முகமூடிக்கு முகமே கிடையாது, மொட்டைக்கு மயிர் கிடையாது. ஐந்து பேர் என்றுதான் படம் பார்த்த அத்தனை பேரும் நம்பினார்கள். ஐந்து பேரும் ஒரே ஆள்.

சண்டைக் கலைஞர் சங்கத்தில் அவருக்குத் தொப்பு என்று பெயர். முதல் பாகத்தின் படப்பிடிப்பில் அவர் பலகை மேடையில் விழுந்தபோது எழுந்த 'தொப்' சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்ததாம். ஒலிப்பதிவாளர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, இதற்கு மேல் தனியாகச் சத்தம் சேர்த்தால் பாவம் என்றாராம். அன்று ஒட்டிய பெயர். அப்பா வைத்த பெயர் சங்கத்து அட்டையிலும் ரேஷன் வாங்கும் அட்டையிலும் மட்டும் மிஞ்சியது.

எதற்கு ஒரே ஆளை ஐந்து முறை வேடம் மாற்றி விழவைத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் கதாநாயகனின் கண். அவரைப் படத்திலும் வெளியிலும் சாம்பியன் என்றே அழைத்தார்கள். பார்க்க மலை மாதிரி இருப்பார். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. குத்துச்சண்டைக்காரன் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேற முடியுமா? முதல் பாகத்துக்கு முதலில் பேசிவைத்திருந்த எதிராளி, ஒத்திகையிலேயே இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். கூட்டத்தோடு கூட்டமாக நின்ற தொப்புவைப் பிடித்துத் தாடி ஒட்டினார்கள். அவர் குத்தைப் பார்க்கவில்லை. சாம்பியனின் தோளைப் பார்த்தார். தோள் சுழலத் தொடங்கும்போதே இவருடைய இடது முழங்கால் மடங்கத் தொடங்கிவிடும். கை வந்து சேரும் இடத்தில் முகம் இருக்காது. படத்தில் பார்த்தால் தாடை பெயர்ந்த மாதிரி இருக்கும். அதன்பின் சாம்பியன் வேறு ஆளோடு மோத ஒப்பவில்லை. ரசிகர்களுக்குத் தெரியக் கூடாது என்று படக் கம்பெனி ஒவ்வொரு பாகத்திலும் பெயர்ப்பட்டியலில் 'எதிராளி: கரடி', 'எதிராளி: முகமூடி' என்று போட்டதோடு நிறுத்திக்கொண்டது.

தொப்புவுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. விழுவது அவருக்குத் தொழில், அதில் அவர் கெட்டிக்காரர். வருத்தம் இருந்ததெல்லாம் வீட்டில்தான்.

கல்யாணம் ஆன மறுவருஷம் மூன்றாம் பாகம் வந்தது. மனைவி தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். மொட்டையாக வருவது யார் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சவரம் செய்த தலைக்கு மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டவரே அவர்தான். கடைசிச் சுற்றில் மொட்டை விழுந்தான். கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையிலிருந்து ஒருவன், இன்னும் ரெண்டு போடு என்று கத்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் தன்னை மறந்து தட்டிவிட்டாள். அக்காவோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டுத் தொப்புவிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"நீங்க விழாம நிக்கிற படம் ஒண்ணு வந்தா சொல்லுங்க. அப்ப வர்றேன்."

சொன்னதோடு சரி. நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் கம்பெனி கொடுத்த இலவசச் சீட்டுகள் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் ஊசிப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்து மஞ்சளாகிப்போயின. மற்ற எந்தப் படத்துக்கும் போவார், வருவார். கொட்டகைப் பக்கம் தொப்பு கூட வந்தால் மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

ஐந்தாம் பாகத்தோடு சாம்பியன் ஓய்ந்தார். பிறகு இறந்தும் போனார். தொப்பு ஒரு மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. மெத்தை வாங்க வரும் தம்பதிகள் ஸ்பிரிங் மெத்தையா, ஃபோம் மெத்தையா என்று முழிக்கும்போது, "தொப்பு அண்ணே, ஒரு தடவை விழுந்து காட்டுங்க" என்பார். தொப்பு செருப்பைக் கழற்றிவிட்டு, கரடி மாதிரி நெஞ்சில் கைவைத்துத் தள்ளாடி, முதுகு பட விழுவார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பேரம் பேச மறந்துவிடுவார்கள். மெத்தை உறைகளை மனைவி வீட்டில் தைத்துக் கொடுத்தார். இப்படியே இருபத்தேழு வருஷம் போயிற்று.

அப்போதுதான் அந்தப் படங்களை மறுபடி உயிர்ப்பிக்கப் புதுக் கம்பெனி ஒன்று கிளம்பியது. சாம்பியனின் பேத்தி கதாநாயகி. நிஜமாகவே குத்துச்சண்டை பழகி, பந்தயங்களில் ஜெயித்த பெண். இயக்குநர் முப்பது வயதைத் தாண்டாதவர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமாவின் வீட்டில் இரும்புக்கை விழுவதைத் தேய்ந்த வீடியோ நாடாவில் நாற்பது தடவை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். எடுத்த எடுப்பில் அவர் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார்: தாத்தாவிடம் தோற்ற ஐந்து எதிராளிகளும் புதுப் படத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள், பேத்தி ஒவ்வொருவரையும் ஒரே குத்தில் சாய்ப்பாள். ரசிகர்கள் கைப்பேசியில் அதைப் பரப்பிக் குதூகலித்தார்கள். கப்பல்காரன் உயிரோடு இருக்கிறானா என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

அறிவித்த பிறகுதான் ஐந்து பேரைத் தேடினார்கள். பெயர் தெரியாது. ஆகவே சங்கத்து முகவரிக்கு ஐந்து கடிதங்கள் வந்தன: 'கரடி வேடம் போட்டவருக்கு', 'முகமூடி வேடம் போட்டவருக்கு' என்று தனித்தனி உறை. சங்கத்து எழுத்தர் ஐந்தையும் எடுத்துக்கொண்டு பேருந்தேறித் தொப்புவின் வீட்டுக்கே வந்தார்.

மனைவி ஒரு பெரிய மெத்தை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அறையில் பாதியை அந்தத் துணியே அடைத்திருந்தது. தொப்பு கடிதங்களை அதன்மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். ஐந்திலும் ஒரே வாசகம். ஒரே குத்தில் நீங்கள் விழும் காட்சி, பாதி நாள் வேலை, வண்டி அனுப்பப்படும்.

எழுத்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அஞ்சு வண்டி வருமாப்பா, நான் ஒண்ணுல ஏறிக்கட்டுமா என்றார்.

மனைவி இயந்திரத்தை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி ஐந்து உறைகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு பேரையுமா விழச் சொல்றாங்க? ஒருத்தனாவது நின்னா ஆகாதா?"

சொல்லிவிட்டு மிதியை அழுத்தினார். இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அது கோபத்தில் சொன்னது இல்லை, கேலியும் இல்லை. பால் புளித்திருக்கிறதா என்று கேட்கிற தொனி. தொப்புவுக்கு அதுதான் தைத்தது. அறுபத்திரண்டு வயதாகிறது. இந்த ஒரு படத்தை விட்டால், நிற்கிற படம் இனிமேல் எங்கே வரப்போகிறது?

மறுநாள் கடையில் ஒரு தம்பதி வந்தார்கள். முதலாளி வழக்கம்போலக் கூப்பிட்டார். தொப்பு மெத்தையின் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார். "விழறதில்லைன்னு இருக்கேன் முதலாளி. வேணும்னா உக்காந்து காட்டுறேன்" என்றார். முதலாளி உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் தொப்பு. அந்தத் தம்பதி பக்கத்துக் கடையில் மெத்தை வாங்கினார்கள். முதலாளி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே இயக்குநர் கடைக்கு வந்தார். சங்கத்திலிருந்து விஷயம் போயிருந்தது. வரும்போதே முகம் வெளுத்திருந்தது. அறிவித்தது ஐந்து பேர், இருப்பது ஒருவர். ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, தொப்புவின் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். திடீரென்று எழுந்து, "ஐயா, அந்த இடது முழங்கால்" என்றார். அஞ்சு பாகத்திலும் அது ஒரே மாதிரி மடங்குது, நாற்பது தடவை பார்த்த கழுதை எனக்கு அது தெரியலையே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். தொப்புவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அங்கேயே அந்த மெத்தைமேல் உட்கார்ந்து இயக்குநர் கதையை மாற்றினார். ஐந்து பேர் வேண்டாம். பழைய பயிற்சிக் கூடம், அதில் ஒரு கிழவர். சுவரில் ஐந்து சுவரொட்டிகள். பேத்திக்குப் புரிகிறது, தாத்தா ஐந்து முறை மோதியது ஒரே ஆளோடு. அவள் கையுறை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்கிறாள். ஒரு குத்து. கிழவர் விழுகிறார்.

"கதை நல்லா இருக்கு. கடைசி வரியை மட்டும் அடிச்சிடுங்க" என்றார் தொப்பு.

"எந்த வரிங்கய்யா?"

"விழுறாருன்னு முடிச்சீங்களே, அது."

இயக்குநர் அரை நாள் வாதாடினார். தாத்தா குத்தியதும் விழுந்தவர் பேத்தி குத்தினாலும் விழ வேண்டும், அதில்தான் ஒரு தொடர்ச்சி இருக்கிறது, ரசிகர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்றார். தொடர்ச்சி வேண்டுமென்றால் சுவரொட்டி போதுமே என்றார் தொப்பு. பெண்பிள்ளையிடம் விழுவது கௌரவக் குறைச்சலா என்று கேட்டார் இயக்குநர். அறியாப் பிள்ளைபோலப் பேசாதே தம்பி, நான் யார் யாரிடமோ விழுந்திருக்கிறேன், கண் தெரியாதவரிடம் விழுந்தவனுக்கு என்ன கௌரவம் என்றார் தொப்பு. வேறு கிழவரை வைத்து எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டினார் இயக்குநர். தாராளமாக எடுங்கள், ஆனால் அந்த ஆளின் இடது முழங்காலை உங்கள் ரசிகர்கள் பார்ப்பார்கள் என்றார் தொப்பு. முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, இவர் மெத்தைக்கே விழமாட்டேன்னு சொல்லிட்டார் சார் என்றார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு நாள் காலை படப்பிடிப்பு. கிழவர் குத்து வாங்கி நிற்பதுபோல எடுக்கலாம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அது ஒரு தடவையாவது சரியாக அமைந்தால் அதுதான் படத்தில் வரும். அமையாவிட்டால் விழுவதுபோல எடுத்து அதைப் போடுவார்கள், அப்போது தொப்பு தடை சொல்லக் கூடாது. நிற்பதில் என்ன அமையாமல் போகும் என்று தொப்பு உடனே கையைக் கொடுத்தார். கேள்விப்பட்ட சங்கத்து எழுத்தருக்கும் அந்த நிபந்தனை வெறும் பேச்சாகத்தான் பட்டது. வீட்டில் மனைவியிடம் மட்டும், நிற்கிற படம் வருகிறது என்று சொன்னார். பார்ப்போம் என்றார் அந்த அம்மாள்.

பழைய கிடங்கு ஒன்றைப் பயிற்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள். மணல் மூட்டைகள், கயிறு கட்டிய சதுர மேடை, சுவரில் ஐந்து சுவரொட்டிகள். கரடிக்கு அடியில் கப்பல்காரன் முறைத்துக்கொண்டிருந்தான். ஐந்து இளமை முகங்களுக்குக் கீழே தொப்பு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது விளக்குப் பிடிக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாம்பியனின் பேத்தி வந்து கும்பிட்டாள். கையில் துணி சுற்றி, கையுறை மாட்டி, துள்ளிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி போடவில்லை, நல்ல கண்.

கேமரா நிற்காமல் இருவரையும் சுற்றி வரும், நடுவில் வெட்டே கிடையாது என்றார்கள். அந்தப் பெண் குத்தைத் தாடைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துவாள். தொப்பு தலையை மட்டும் ஆட்டி, கால் அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

சண்டை மணி அடித்தது. அவள் தோள் சுழன்றது. தொப்பு தரையில் கிடந்தார்.

கிடங்கே கைதட்டியது. அவ்வளவு அழகாக விழுந்திருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அதே 'தொப்'. தொப்பு மல்லாந்து கிடந்து மேலே தொங்கும் விளக்குகளைப் பார்த்தார். "யாருப்பா என்னைத் தள்ளினது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

முழங்கால்தான் தள்ளியது. தோள் சுழன்றால் மடங்கு என்று இருபத்திரண்டு வயதில் பழக்கிய முழங்கால். நடுவில் வந்த மெத்தைக் கடையும் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை. தலை நில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது தன் வேலையை முடித்துவிட்டது.

இரண்டாம் தடவை முழங்காலைக் கட்டைபோல விறைத்துக்கொண்டார். வெட்டிய மரம் மாதிரி நேராகப் பின்னால் சாய்ந்தார். மூன்றாம் தடவை, முதுகுப் பக்கம் யாருக்கும் தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை பிடித்தபடியே, கொடியில் காயப்போட்ட வேட்டிபோல அதில் தொங்கினார். அடுத்த தடவை அவள் தோளைப் பார்த்தால்தானே என்று கண்ணை மூடினார். அவள் காலணி தரையில் தேயும் கிரீச் ஒலி கேட்டதும் சரிந்தார். முதலில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. எழுத்தர் ஒரு மணல் மூட்டைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இயக்குநர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அவர் குரலில் வெற்றி இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஐயா, முதல்ல விழுந்தீங்களே, அது அமிர்தம். சண்டை பண்றதா நினைக்காதீங்க. அதையே வச்சுக்கலாமே."

"சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்பப் போய் உக்காருங்க."

தொப்பு மேடையின் மூலைக்குப் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். முழங்காலை ஓங்கி ஒரு அறை அறைந்தார். அறைந்ததும் அது மடங்கிற்று. பேத்தி எதிர் மூலையிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. தன்னால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

"தாத்தா எங்ககிட்டப் பெருமையாச் சொல்வார்" என்றாள். "அஞ்சு பாகத்துலயும் உங்க மேல ஒரு தடவைகூடக் கை படவிட்டதில்லையாம்."

"படவிடாதது நான்மா. உங்க தாத்தாவுக்குக் கண்ணு எங்க தெரிஞ்சுது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. தொப்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு கேட்டார்.

"கையை எதுக்குப் பாதியில நிறுத்துற?"

"நிறுத்தலன்னா பட்டுடும் தாத்தா."

"படட்டுமே. அடிபடாமலே விழுந்து பொழச்சவன்மா நான். ஒரு தடவை பட்டுத்தான் பார்க்கிறேன்."

அவள் மாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. நெஞ்சில், தோளுக்குக் கீழே, சதை உள்ள இடத்தில் போடு என்றார். அவள் பாதி பலத்தில் என்றாள். முழுசாகப் போடு என்றார். முக்கால் என்றாள். சரி, முக்கால் என்றார். இயக்குநருக்கு இது எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

"ஆனா தோளு சுத்துறதைப் பார்த்ததும் நான் விழுந்துடுவேனே. உன் கை வந்து சேர்றதுக்குள்ள நான் தரையில கிடப்பேன்."

"சினிமாக் குத்துதான் தாத்தா தோளைச் சுத்தும்" என்றாள் அவள். "நிஜக் குத்து சொல்லிட்டு வராது."

சண்டை மணி அடித்தது. தொப்பு சுவரொட்டிகளுக்குக் கீழே நின்றார். கேமரா சுற்றத் தொடங்கியது. அவள் துள்ளினாள். அவர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் சுழலவே இல்லை. இருந்த இடத்திலிருந்து கை நேராகப் புறப்பட்டு அவருடைய நெஞ்சில் இறங்கியது.

வலித்தது. நன்றாகவே வலித்தது. கதவு சாத்திக்கொள்வதுபோல மூச்சு அடைத்தது, கண்ணில் நீர் வந்தது. ஓர் அடி பின்னால் போனார். இடது முழங்கால் நடுங்கியது. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்படி ஒன்று அதற்கு வந்ததே இல்லை. அது அடுத்த சேதிக்காகக் காத்திருந்தது. சேதி வரவில்லை. பின்னால் போன அடியை அவர் முன்னால் எடுத்து வைத்தார்.

நிற்கிறோம் என்று தெரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த வசனம் அந்த இடத்தில் கிடையாது. அவராகவே, நெஞ்சைத் தடவிக்கொண்டே, மெய்யான ஆச்சரியத்தோடு கேட்டார்:

"அவ்வளவுதானா?"

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கேமரா இன்னொரு சுற்றும் சுற்றி வந்தது. அதன் பிறகுதான் சாப்பாட்டு மணி அடித்தது. இயக்குநர் எழுந்து வந்தார். குனிந்து தொப்புவின் இடது முழங்காலைப் பார்த்தார். கடைசியில், "ஐயா, இதைத்தான் போடணும். சொன்னது சொன்னதுதான். ஆனா ரசிகன் என்னைத் திட்டுவான்" என்றார். என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்க, அதுக்காவது என் பேரைப் போடுங்க என்றார் தொப்பு. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. வீட்டில் மனைவி அதைப் பார்த்துவிட்டு மருந்தைத் தேடினார். தேடிக்கொண்டே, நின்னீங்களா என்று மட்டும் கேட்டார்.

படம் வெளியான முதல் நாள் இருவரும் போனார்கள். மனைவி நல்ல சேலை கட்டியிருந்தார். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு தொப்புவின் படத்துக்குக் கொட்டகைக்குள் நுழைகிறார். சுவரொட்டிகள் வந்தபோது விசில் பறந்தது. ஐந்தும் ஒரே ஆள் என்று பேத்திக்குப் புரிகிற இடத்தில் கூட்டமே ஆவென்று வாயைப் பிளந்தது. பின்வரிசையில் ஒருவன், நான் அப்பவே சொன்னேன்ல என்று பொய் சொன்னான். அவள் கையுறை மாட்டியதும் எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். விழப்போகிறார், விழப்போகிறார் என்று ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

குத்து இறங்கியது. கிழவர் விழவில்லை. பிறகு அந்த ஒரு வார்த்தை. பாதிப் பேர் கத்திக் கைதட்டினார்கள். மீதிப் பேர் ஏமாந்துபோய் ஊளையிட்டார்கள். விழறதைப் பார்க்கத்தானய்யா வந்தோம் என்று ஒரு வயதானவர் எழுந்து நின்று திரையைப் பார்த்துச் சண்டை போட்டார். தொப்பு இருட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெயர்ப்பட்டியல் வந்தது. கரடி, முகமூடி, மொட்டை, இரும்புக்கை, கப்பல்காரன் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து பெயர்கள். ஐந்துக்கும் எதிரே ஒரே ஒரு பெயர், அவருடைய அப்பா வைத்தது. மனைவி அதை வாய்விட்டுப் படித்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை அச்சில் பார்ப்பது இப்போதுதான் என்றார். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, இன்னும் ஏதாவது சொல்வார் என்று தொப்பு காத்திருந்தார்.

"நின்னதெல்லாம் சரி" என்றார் அந்த அம்மாள். "கை ரெண்டையும் தொங்கப் போட்டுட்டா நிக்கிறது? கொஞ்சம் தூக்கி வச்சிருக்கலாம்ல."

அடுத்த மாதம் முழுக்கச் சங்கத்துக்குக் கடிதங்கள் வந்தன. வைதவர்களே அதிகம். எங்கள் இளமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். விழும்வரை படம் பார்க்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியது ஒரு கூட்டம். எழுத்தர் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். தொப்பு ஒன்று விடாமல் வாசித்தார், சிலவற்றை மனைவிக்குப் படித்தும் காட்டினார். வருத்தப்படவில்லை. மெத்தைக் கடை முதலாளியோ ஸ்பிரிங் மெத்தைக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படத்தைப் பெரிதாக அடித்து மாட்டிவிட்டார். அதற்குக் கீழே, 'எங்கள் மெத்தையில் நீங்கள் விழுங்கள், அவர் விழமாட்டார்' என்று எழுதியிருந்தது.

பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பாகம் எடுக்கிறார்கள், கிழவர் வேடம் இருக்கிறது, கூலி மூன்று மடங்கு. ஆனால் ரசிகர்களின் விருப்பம் பலமாக இருப்பதால், முடிவில் அவர் விழுந்துதான் ஆக வேண்டும். இதை இயக்குநர் எழுதவில்லை, மேலே இருப்பவர்கள் எழுதியிருந்தார்கள். தொப்பு தையல் இயந்திரத்தின் பலகையில் தாளை வைத்துப் பதில் எழுதினார். மனைவி இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். திருத்தி முடித்தபோது கடிதம் இப்படி இருந்தது:

'வருகிறேன். விழமாட்டேன். இந்த முறை கையைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.'

உறையை ஒட்டி மனைவியே தபாலில் சேர்த்தார். நாட்கள் போயின. வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள் என்றார் எழுத்தர். பிடிக்கட்டும் என்றார் தொப்பு. தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அறையின் நடுவில் நிற்பார். மனைவி தோளைச் சுழற்றி, கையிலிருக்கும் தலையணையால் அடிப்பார். முதலில் பத்துக்கு எட்டு முறை விழுந்தார். மெத்தை உறைத் துணி குவிந்துகிடந்ததால் அடிபடவில்லை. பிறகு ஐந்து. பிறகு இரண்டு. ஒரு நாள் மனைவி கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார், அவர் நின்றுகொண்டிருந்தார்.

பதில் வந்தது. சங்கத்துக்கு வரவில்லை, வீட்டுக்கே வந்தது. உறையில் எந்த வேடமும் இல்லை, அப்பா வைத்த பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: 'நின்றால் போதும்.' வந்த தேதி 22.11.2019.